காம்ப்ளெக்ஸ் கார்போஹைட்ரேட் என்றால் என்ன? வெள்ளை அரிசியும் அதில் சேருமா?

சேரும். சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அதுதான் காம்ப்ளெக்ஸ் கார்போஹைட்ரேட். அரிசி, கேழ்வரகு, உருளைக்கிழங்கு, பயறு எல்லாவற்றிலும் இருக்கும் ஸ்டார்ச் இந்த வகை. நம் கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கிற கிளைக்கோஜனும் இதே குடும்பம்தான்.

ஒரு வாய் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், மெல்ல இனிப்புத் தட்டும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை அறுத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக ஆக்குகிறது.

கீரைத்தண்டில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. அதை அறுக்கும் நொதி நம் உடம்பில் இல்லாததால் நார்ச்சத்தாகவே வெளியேறுகிறது. மாட்டுக்கு அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன.

‘காம்ப்ளெக்ஸ் என்றால் மெதுவாகத்தான் செரிக்கும்’ என்று பலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டார்ச்சில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு உண்டு. கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டினை நொதிகள் சுலபமாக வெட்டிவிடும். அது அதிகமுள்ள அரிசி குழைந்து ஒட்டும், ரத்தச் சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு உதிரியாக நிற்கும், செரிக்கவும் நேரமெடுக்கும். அப்புறம், தவிடு நீக்கிய தீட்டிய அரிசியில் நார் மிகக் குறைவு. வடித்து ஆறிய சோற்றில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி மறுபடி இறுகி, எளிதில் செரிக்காததாக மாறுகிறது. சர்க்கரை நோயாளிகள் அதை நம்பி அளவைக் கூட்டிவிடக் கூடாது.