இரவு இரண்டு மணிக் கோலம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி, போன செப்டம்பரில் பின்லாந்தின் எஸ்பூ நகரத்துக்கு வந்தேன். கணவருக்கு ஐ.டி. வேலை. நல்லவர்தான், ‘போகப் போகப் பழகிடும்’ என்கிறார். எனக்கோ நாளாக நாளாக ஊர் நினைப்பு கூடிக்கொண்டே போகிறது. ஊரில் பிளவுஸ் தைப்பேன், அந்த மெஷினையும் விட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் மட்டும் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா வீட்டு வாசலில் கேமரா உண்டு. மார்கழி பிறந்ததிலிருந்து இங்கே இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அவர் கோலம் போடுவதைப் போனில் பார்க்கிறேன். போன வாரம் பாதிக் கோலத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கேட்டால், ‘அதெல்லாம் சரியாயிட்டு’ என்றார். பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்துவிடலாமா அக்கா? இது கோழைத்தனமா?
- பெயர் வேண்டாம், எஸ்பூ

பதில்: அன்புத் தங்கைக்கு,

கோழைத்தனமெல்லாம் இல்லை. 1688-லேயே ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வைத்து ஆய்வு எழுதினார். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உண்டாக்கியவரே அவர்தான். அதில் ஒரு பையனின் கதை வரும். பெர்ன் ஊர்க்காரன், பாசெலில் படிக்க வந்து படுத்த படுக்கையாகிவிட்டான். சரி, வீட்டுக்கே அனுப்பிவிடுவோம் என்று கிளப்பினால், ஊர் போய்ச் சேருமுன்பே உடம்பு தேறிவிட்டது! பாசெலுக்கும் பெர்னுக்கும் நூறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நீங்கள் எவ்வளவோ தூரம் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

அதனால் முதலில் டிக்கெட்டைப் போடுங்கள். சித்திரையில் ஒரு மாதம் ஊருக்கு, திரும்பி வருவதற்கும் சேர்த்தே. தேதி ஒன்று கையில் இருந்தாலே பாதி மூச்சு வரும். மொத்தமாகத் திரும்புவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் அந்த நாட்டின் இருட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். டிசம்பர் கடைசியில் உங்கள் பக்கம் சூரியன் காலை ஒன்பதரைக்கு எட்டிப்பார்த்து, மூன்றேகாலுக்குள் போய்விடுகிறது. ஆறு மணி நேரம்கூட இல்லை. பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பகலில் வளர்ந்த உடம்பு இது, திகைக்கத்தானே செய்யும்? ஜூனில் அதே ஊரில் பத்தொன்பது மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அதையும் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

இருட்டே மனசைச் சாய்க்கும். உங்கள் அழுகையில் எவ்வளவு ஊருக்காக, எவ்வளவு வெயிலுக்காக என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு எழுந்துவிட்டு, அப்புறம் எப்போது தூங்குவீர்கள்? எழும்போது பத்தோ பதினொன்றோ ஆகியிருக்கும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் கால்வாசியைத் தூங்கியே தொலைக்கிறீர்கள். காலையில் சூரியன் வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. இதற்கென்றே பிரகாச விளக்கு அங்கே கடைகளில் கிடைக்கும். வெளிச்ச அளவு 10,000 லக்ஸ் என்று பார்த்து வாங்கி, காபி குடிக்கிற மேசையில் வையுங்கள். பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தாலோ, எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தாலோ, விளக்கை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள், கணவரைக் கூட்டிக்கொண்டே போங்கள். ‘பழகிடும்’ என்று அவர் சொல்வதை டாக்டரும் சொல்கிறாரா என்று அவரே கேட்கட்டும்.

தையல் மெஷினை விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருந்தீர்களே. உங்கள் பக்கத்து ஊரான ஹெல்சின்கியில், ரயில் நிலையத்தை ஒட்டி 2018-ல் திறந்த பெரிய பொது நூலகம் இருக்கிறது. புத்தகத்தோடு தையல் மெஷினும் வைத்திருக்கிறார்கள், நேரம் பதிவு செய்துகொண்டு தைக்கலாம். நூலகத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஓடி’. ஓடிப் போய்ப் பாருங்கள். பின்லாந்து நூலகங்களில், மொழி பழகுகிறவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ‘மொழி கஃபே’ நடத்துவார்கள். ஃபின்னிஷ் கஷ்டம்தான். ஆனால் நூல் அறுந்தால் பக்கத்து மெஷின்காரியிடம் கேட்க நாலு வார்த்தை போதும்.

இனி அந்தக் கேமரா. 1993-ல் நான் மஸ்கட்டில் இருந்தேன். போன் செலவு அதிகம், வெள்ளிக்கிழமைதோறும் சில நிமிடம் பேசுவதோடு சரி. அம்மா ஒரு கேசட்டில் பேசி, ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுத்தனுப்பினார். நடுவில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். ‘இரு, அடுப்பை அணைச்சிட்டு வாறேன்’ என்று எழுந்து போவார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. எங்கள் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நான் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டது அந்த இடத்தைத்தான். எனவே நீங்கள் கோலத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் நான் கேட்பேன் என்று என் அம்மாவுக்குத் தெரியும். நீங்கள் பார்ப்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அவர் வலியை மறைக்கிறார், நீங்கள் அழுகையை மறைக்கிறீர்கள். தினமும் போனில் பேசுவது இரண்டு நல்ல பொய்கள். இந்த ஏக்கம் கரையாமல் கிடப்பதற்குக் குளிரைவிட அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

இன்றைக்கே கூப்பிடுங்கள். ‘அன்னைக்குப் பாதிக் கோலத்துல உக்காந்துட்டியேம்மா, நான் பாத்தேன்’ என்று சொல்லுங்கள். அப்படியே உங்கள் கதையையும் சொல்லுங்கள். முழங்காலை டாக்டரிடம் காட்டுவதற்கு ஊரில் யார் கூடப் போவார்கள் என்று பேசி, அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அலாரத்தை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு விடிந்ததும், போட்ட கோலத்தை அம்மாவே போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

முதலில் திட்டுதான் விழும். ‘ஏட்டி, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்காம முழிச்சா கெடந்தே?’ என்பார். திட்டட்டும், போனை வைத்துவிடாதீர்கள்.