வீட்டில் வளரும் கீரையை வைத்து தினமும் எளிதாக என்ன சமைக்கலாம்?

தொட்டிகளில் அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வெந்தயக்கீரை, பசலை எல்லாம் இருக்கின்றன, ஆனால் எதைப் பறித்தாலும் ஒரு வேளைப் பொரியலுக்குக்கூடக் காணவில்லை, சேரட்டும் என்று விட்டால் முற்றிப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 8 வருடமாக மாடியில் கீரை வளர்க்கிறேன். முதல் வருடம் முழுக்க எனக்கும் இதே பாடுதான்.

அப்புறம்தான் புரிந்தது. வாங்குகிற கீரை கட்டாக வரும், வீட்டுக் கீரை கைப்பிடியாகத்தான் வரும். நாம் கற்றுக்கொண்ட சமையல் குறிப்பெல்லாம் ‘கீரை ஒரு கட்டு’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். இன்றைக்கு எது ஒரு கைப்பிடி இருக்கிறதோ, அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால் ஒரு இலை வீணாகாது.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது கலவைக் கீரை மசியல். அரைக்கீரை ஒரு கைப்பிடி, பொன்னாங்கண்ணிக் கொழுந்து ஒரு கைப்பிடி, தானாக முளைத்த குப்பைக்கீரை கொஞ்சம், எல்லாம் சேர்ந்து நாலு கைப்பிடி தேறினால் போதும், இரண்டு பேர் சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். மண் போகும்வரை முழு இலையாகவே இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். அடிகனமான சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், ஐந்தாறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம். இவை முக்கால் பதம் வெந்த பிறகுதான் கீரையைப் போட வேண்டும். வீட்டுக் கீரை இளசு, ஐந்து நிமிடத்திலேயே குழைந்துவிடும்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மூடி போடாதீர்கள். கீரையில் இயல்பாகவே இருக்கும் அமிலம் கொதிக்கும்போது ஆவியோடு வெளியேறும். மூடிவிட்டால் அது திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டி, பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், கீரை பாசி நிறத்துக்குப் போய்விடும். புளியையும் தக்காளியையும் ஆரம்பத்திலேயே போட்டால் நிறம் மங்குவது இதனால்தான். இரண்டாவது, உப்பு. பச்சையாகச் சட்டி நிறைய இருக்கும் கீரை வெந்த பிறகு இரண்டு கரண்டிதான் இருக்கும். சட்டியைப் பார்த்து உப்புப் போட்டு, வாயில் வைக்க முடியாமல் நான் கொட்டிய நாட்கள் உண்டு. வெந்து சுருங்கிய பிறகு, கடைவதற்கு முன் போடுங்கள்.

கடைவதற்கு மத்துதான் சரி. மிக்ஸியில் ஓட்டினால் விழுதாகிவிடும், மத்தில் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினால் பூண்டு நசுங்கி, கீரை பாதி மசிந்தும் பாதி நூலாகவும் நிற்கும். அந்தப் பதம்தான் சாதத்தோடு சேரும். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. எண்ணெயை அறவே தவிர்க்காதீர்கள், கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். சாப்பிடும்போது எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்துகொண்டால், அதில் இருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

மணத்தக்காளியை மட்டும் கலவையில் நிறையப் போடாதீர்கள், மற்றதையும் கசக்க வைத்துவிடும். அதற்கென்றே தண்ணிச்சாறு இருக்கிறது. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் சின்ன வெங்காயம், சீரகம், கொஞ்சம் பாசிப்பருப்பு வேகவிட்டு, ஒரு கைப்பிடி மணத்தக்காளி இலையைப் போட்டு, வெந்ததும் அடுப்பைக் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். தேங்காய்ப்பால் கொதித்தால் திரிந்துவிடும். கசப்பு இருக்கும், ஆனால் தேங்காய்ப்பாலில் அது இதமான கசப்பாக மாறிவிடும். வாய்ப்புண் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் செய்வது இதைத்தான்.

வெந்தயக்கீரை சுலபம். அரைக் கைப்பிடி இருந்தால் பொடியாக நறுக்கிச் சப்பாத்தி மாவில் பிசையலாம், தோசை மாவிலும் கலக்கலாம். இதற்கு விதை தேடி அலைய வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தையே ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம். வல்லாரையோ புதினாவோ கொஞ்சம் இருந்தால் துவையல்: இலையை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், துளி புளி, தேங்காய் சேர்த்து அரைத்தால் மறுநாளைக்கும் வரும்.

நீங்கள் சொன்ன பட்டியலில் முருங்கை இல்லை. பெரிய தொட்டி ஒன்று இருந்தால் ஒரு போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, ஊன்றிவிடுங்கள், மூன்று நாலு அடிக்கு மேல் வளரவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கவாட்டில் கிளைத்துக் கொட்டும். முருங்கைக்கீரை என்றாலே உருவுவதற்குப் பயந்துதான் பலர் ஒதுங்குகிறார்கள். முந்தின இரவே ஈர்க்கோடு ஒடித்து, ஈரமில்லாமல் ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்து ஈர்க்கைப் பிடித்து உதறினால் பெரும்பாலான இலை தானாகக் கொட்டிக் கிடக்கும், மிச்சத்தை விரலால் தட்டினால் போதும். அதில் ஒரு கைப்பிடியை வெங்காயத்தோடு வதக்கி, தண்ணீர் தெளித்து வேகவைத்து, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் பொரியல். கிளறும்போது கரண்டியின் காம்பால் கிளறுங்கள், இலை கட்டி கட்டியாகச் சேராது. முட்டை சாப்பிடாதவர்கள் அடை மாவில் போட்டுக்கொள்ளலாம், ரசம் இறக்கும்போதும் போடலாம்.

பறிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கீரை முற்றுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள், திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணியும் அப்படித்தான், வெட்டிய தண்டையே மண்ணில் செருகினால் இன்னொரு செடி. முளைக்கீரை போட்டால் மொத்த விதையையும் ஒரே நாளில் தூவாதீர்கள், பத்து நாளுக்கு ஒரு தொட்டி என்று பிரித்துப் போட்டால் சுமார் 25 நாளில் முதல் தொட்டி தயாராகி, அதன்பின் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். தண்டு கொஞ்சம் முற்றினாலும் எறிய வேண்டாம், நாரை உரித்து விரல் நீளத்துக்கு நறுக்கிச் சாம்பாரில் போடலாம்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் முளைக்கீரை, தண்டுக்கீரை, பசலை வகைகளில் ஆக்சலேட் அதிகம் என்பதால் மருத்துவரிடம் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதை வடித்துவிட்டால் ஆக்சலேட் ஓரளவு குறையும்.

உங்கள் பசலை கொடிப்பசலையா என்று சொல்லவில்லை. அதுவாக இருந்தால் தனியாக வதக்காதீர்கள், வழவழப்பு பிடிக்காமல் போகலாம். துவரம்பருப்பு குழைய வெந்ததும் அதில் பத்துப் பன்னிரண்டு இலையைக் கிழித்துப் போட்டு, தக்காளியைக் கடைசியில் சேர்த்து ஒரு கொதி விட்டால் அந்த வழவழப்பே பருப்போடு சேர்ந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த இலைகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், கடலை மாவில் தோய்த்து மாலையில் பஜ்ஜி போடலாம்.