அம்மாயியிடம் யார் கேட்டார்கள்? வாசகர் கேள்வி பதில்

மற்ற நாடுகளுக்கெல்லாம் தூதரகம், இந்தியாவுக்கு மட்டும் ஏன் உயர்ஸ்தானிகராலயம்?
– வாசகி, வெள்ளவத்தை

இந்தியாவுக்கு மட்டும் இல்லை தங்கச்சி. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பொதுநலவாய நாடுகள் தங்களுக்குள் தூதுவரை அனுப்புவதில்லை, உயர்ஸ்தானிகரை அனுப்பும். ஒரே முடியின் கீழ் இருந்த காலத்துப் பழக்கம் அது. வேலையும் அதிகாரமும் ஒன்றுதான். காலி வீதியில் பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும்போது பெயர்ப் பலகைகளைப் பாருங்கள், அமெரிக்காவுடையது தூதரகம், இந்தியாவுடையது உயர்ஸ்தானிகராலயம்.

இந்தியா ஒரு பக்கம் இழுக்கிறது, சீனா ஒரு பக்கம் இழுக்கிறது, அமெரிக்கா வரி போடுகிறது. எங்களைப் போன்ற சின்ன நாட்டின் தலைவருக்குச் சொந்தமாக ஒரு வெளிநாட்டுக் கொள்கை இருக்க முடியுமா ஐயா?
– மாணவர், பம்பலப்பிட்டி

முடியும் தம்பி. இருந்தும் இருக்கிறது. 1952 ஐ எடுங்கள். உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிவிட்டது, எங்கள் றப்பர் விலை விழுந்துவிட்டது. சீனாவிடம் அரிசி இருந்தது, அதற்கு றப்பர் தேவைப்பட்டது. அப்போது கொழும்பில் இருந்ததோ கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கிற அரசாங்கம், சீனாவுடன் முறையான இராஜதந்திர உறவுகூட 1957 இல் தான் வந்தது, அப்படியிருந்தும் டட்லி சேனநாயக்க காலத்தில் ஐந்து வருடத்துக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. இவர்கள் பின்வாங்கவில்லை. வீட்டில் சோறு வேக வேண்டும் என்பது தெளிவாக இருந்ததால் யாரிடம் பேசுவது என்பதும் தெளிவாக இருந்தது. 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் மாநாடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடந்ததும் அதே தைரியத்தில்தான். அந்த மண்டபத்தைக் கட்டிக் கொடுத்ததே சீனா, உள்ளே பேசியதோ எந்த முகாமிலும் சேர மாட்டோம் என்று.

கடன் அந்தக் குரலை இறக்கிவிடும். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டொலர் வாங்கினோம், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அதற்குப் பிறகு பரிஸிலும் டெல்லியிலும் டோக்கியோவிலும் இருக்கிற, எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் எங்கள் வரவு செலவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள், சீனா தனி மேசை போட்டுப் பேசியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி என்று சொன்னபோது கட்டுநாயக்கவில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளின் வயிற்றில்தான் புளி கரைந்தது. பேசிப் பேசி ஓகஸ்டில் அது 20 சதவீதமாக இறங்கியது. அந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் சின்ன நாட்டுக்கு இராஜதந்திரம் என்பது பெரும்பாலும் இந்த மாதிரி, விடிய விடியக் கணக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற வேலை.

1964 ஒப்பந்தத்தில் எங்கள் அம்மாயியின் தங்கைகள் இரண்டு பேர் இந்தியாவுக்குப் போனார்கள், அம்மாயி மட்டும் இங்கே தங்கிவிட்டார். "எங்களை யாரும் கேட்கவில்லை" என்று சாகும்வரை சொன்னார். அது உண்மையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

உண்மை. உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 ஒக்டோபரில் டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். மொத்தம் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அந்தப் 'பிறகு' 1974 இல் வந்தது, இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். அரிசி மூட்டையைப் பிரிப்பதுபோல என்று எழுதக் கை போகிறது, ஆனால் மூட்டையைப் பிரிக்கும்போதுகூட உள்ளே என்ன அரிசி என்று பார்ப்பார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். கொழுந்து பறிக்கிற மக்களிடம் போய் உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு அந்த எண்ணிக்கையை யாரும் எழுதவில்லை. எண்ணிக்கை முதலில் வந்தது, ஆட்கள் அதற்குப் பிறகு தேடப்பட்டார்கள். ஒரு வீட்டில் அக்காவுக்கு ஒரு கடதாசி, தங்கைக்கு வேறு கடதாசி. தலைமன்னார் போகிற கோச்சியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களின் கதை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. கடைசியில் 2003 இல் சட்டம் கொண்டுவந்துதான் எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்த்தார்கள். இரண்டு தலைவர்கள் ஒரு நாளில் போட்ட கையெழுத்தைச் சரிசெய்ய 39 வருடம்.

இரண்டு அரசுகளுக்கும் அது வெற்றிகரமான இராஜதந்திரம், உறவில் இருந்த ஒரு முள்ளை எடுத்துவிட்டோம் என்றார்கள். நான் ஒரு தலைவரை எடைபோடும்போது அவர் வெளியே யாருடன் கைகுலுக்கினார் என்பதைப் பிறகுதான் பார்ப்பேன். யாரைப் பற்றிக் கையெழுத்துப் போட்டாரோ அந்த ஆட்களிடம் முதலில் பேசினாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாயியின் பாஸ்போட், பதிவுச் சீட்டு, கடிதம் எது இருந்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ஊர்க்காரர்களுக்காக ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் ஏழு வருடம் குழு நடத்தினேன். பழைய படங்கள், மரண அறிவித்தல்கள், கோயில் வரலாறு எல்லாம் போட்டோம். ஒரு நாள் காலையில் குழுவே இல்லை, காரணமும் இல்லை. மறுபடி தொடங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

தொடங்குங்கள், ஆனால் இந்தத் தடவை சொந்தக் காணியில். வாடகை வீட்டில் எவ்வளவு ஆசையாகப் பூக்கன்று வைத்தாலும் திறப்பு வேறு ஆளிடம்தான். எனக்கும் இது நடந்திருக்கிறது, எங்கள் பழைய மாணவர் பக்கம் ஒன்று இப்படித்தான் போனது, செத்துப்போன ஆசிரியர்களின் குரல் பதிவுகளும் அதோடு போயின. அதனால் உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

முதலில் ஒரு இணைய முகவரி வாங்குங்கள், முழுக்கத் தமிழிலேயே '.இலங்கை' என்று முடிகிற முகவரியும் எங்களுக்கு இருக்கிறது, 2010 இல் அனுமதி கிடைத்தது, பல பேருக்கு அது தெரியவே தெரியாது. முகவரியை ஒரு ஆளின் பெயரில் வைக்காமல் சங்கத்தின் பெயரில் வையுங்கள், கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கட்டும், ஒருவர் கொழும்பிலும் ஒருவர் ஊரிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருந்தால் நல்லது. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். உறுப்பினர்களின் மின்னஞ்சலை, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் நாளைக்கு வீடு மாறினாலும் ஆட்களைக் கூப்பிட முடிய வேண்டும். பெரிய தளங்களை விட்டு ஓட வேண்டியதில்லை, அங்கே வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுங்கள், பொருளை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள்.

ஆட்கள் குறைவாக வருவார்கள். பரவாயில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். நூலகம் திட்டம் 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கியது, 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நெருப்பைப் பார்த்த சமூகம் அது, அதனால்தான் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒவ்வொரு பழைய சஞ்சிகையையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டு நடந்த வேலை இல்லை அது. உங்கள் கோயில் வரலாற்றின் ஒரு பிரதியை அங்கேயும் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், யார் என்ன எழுதலாம் என்று நாலு வரி விதியை முதல் நாளே போடுங்கள். அதைப் பார்க்கிற ஆளுக்கு எங்கள் மொழி தெரிய வேண்டும். 2018 இல் திகன பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் ஓடிய வெறுப்பைப் படித்து நிறுத்த அங்கே போதிய ஆட்கள் இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2020 இல், அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கடை எரிந்தவருக்கு அதனால் என்ன?

எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். சரிதானே? 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நினைத்தும் பயமாக இருக்கிறது.
– வாசகி, முகத்துவாரம்

பயம் நியாயமானது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு இணையத்தில் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கலாம் என்கிற சட்டம் அது, 2024 ஜனவரியில் நிறைவேறியபோதே நான் எதிர்த்து எழுதினேன், இன்றைக்கும் அதே நிலைதான். ஆகவே உறுதி தெரியாத செய்தியைப் பரப்ப வேண்டாம், யாரையும் சாதி சமயம் சொல்லி இழுக்க வேண்டாம். ஆனால் தடை சரியில்லை. 2022 இல் எங்கள் மாடியிலும் இப்படி ஒரு குழு இருந்தது. கேஸ் லொறி எந்தச் சந்தியில் நிற்கிறது, பெற்றோல் கியூ எதுவரை போயிருக்கிறது என்று நாள் முழுக்க அதில்தான் ஓடும். ஏப்ரல் 3 ஆம் திகதி அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கிவிட்டது. நான்காம் மாடியில் தனியாக இருந்த அன்ரி ஒருவருக்குச் சிலிண்டர் முடிந்து இரண்டு நாள், அவர் வழக்கமாகக் குழுவில்தான் சொல்லுவார், அன்றைக்குச் சொல்ல வழியில்லை. பின்னேரம் கீழ்வீட்டுப் பையன் படியேறிப் போய்க் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொண்டான். கேஸ் ஏன் வரவில்லை என்று அந்த அன்ரி குழுவில் கேட்டால் அதை அரசியல் என்று அழிப்பீர்களா?