கால் சுகமாகிவிட்டது, டாக்டரும் விளையாடலாம் என்கிறார். மைதானத்தில் இறங்கினால் நெஞ்சு படபடக்கிறது. இது வெறும் பயமா?

"வெறும் பயம்" என்பதைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. உங்களுக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னது என் சொந்த அண்ணன்.

திருகோணமலையில் ஒரு கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடினேன். ஒருநாள் பந்தோடு திரும்பும்போது, யாரும் தொடாமலே, இடது முழங்காலுக்குள் 'டக்' என்றது. முழங்கால் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு தொடையை இறுக்கச் சொன்னார்கள். முக்கி முக்கிப் பார்க்கிறேன், சதை அசையவே இல்லை. யாருடைய காலோ கட்டிலில் கிடப்பதுபோல் இருந்தது. முழங்கால் வீங்கிக் கிடந்தால் நரம்புகளே தொடைத் தசையை அடக்கி வைத்துவிடுமாம். பிசியோதெரபி மிஸ் சொல்லித்தான் தெரியும். அதுவரை வீட்டில் எனக்குச் சோம்பேறிப் பட்டம்.

அம்மா தன் பங்குக்குக் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் வாளியால் அள்ளி ஊற்றினார். சிரிக்க வேண்டாம். கால் அப்படியேதான் இருந்தது, ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

9 மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. உப்புவெளிக் கடற்கரையில் தனியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. மைதானத்தில் எதிராள் நெருங்கினால் மட்டும் உள்ளங்கை வேர்க்கும், தொடை கட்டையாக இறுகும், பந்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது. பழைய ஆபத்து திரும்ப வருகிறது என்று நினைத்து உடம்பு அட்ரினலின் என்ற அவசரகால ஹார்மோனைத் திறந்துவிடுகிறது. தசை இறுகி, பக்கத்தில் வருபவனும் தெரியாமல் ஆடினால் மறுபடி அடிபடத்தான் செய்யும். அதனால் "பயப்படாம இறங்குடா" என்று தள்ளிவிடுவது மடத்தனம். இந்தச் சிகிச்சை செய்தவர்களில் போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 100க்கு 55 பேர்தான் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மிச்சம் 45 பேரும் கோழைகளா?

நான் டாக்டர் இல்லை, சரி. வீக்கமோ, முழங்கால் நழுவுவதுபோலோ இருந்தால் முதலில் போய்க் காட்டுங்கள். "எல்லாத்துக்கும் மனசைச் சாட்டுறான்" என்று கீழே எழுத வருபவர்கள், முழங்கால் ஒருமுறை 'டக்' என்ற பிறகு வரட்டும்.

நான் முதலில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஒரு நண்பனோடு நடை வேகத்தில் பந்து பறிப்பு, அப்புறம் அரை வேகம். இதற்கே இன்னும் 5 மாதம் போனது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: நான் படுக்கையில் கிடந்தபோது "ஒரு மெட்ச்சுக்கு மட்டும்" என்று என் பூட்ஸை வாங்கிப்போன மச்சான் இன்னும் தரவில்லை. திரும்ப இறங்கிய அன்று இரவல் பூட்ஸில், முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினேன். அவனும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறான்.