செம்புத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும்

கேள்வி: நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். எனக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. நான் பிறப்பிலேயே கத்தோலிக்கப் பெண். கணவர் திருமணத்துக்குப் பின் ஒரு சபைக்குப் போகத் தொடங்கினார். பிள்ளை வளர்ந்து தானே விசுவாசித்து ஞானஸ்நானம் எடுக்கட்டும் என்றும், நான் குழந்தையாகப் பெற்றது செல்லாது, நானும் குளத்தில் முழுகி எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அம்மாவோ, அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம் என்கிறா. 1996இல் இடம்பெயர்ந்து அக்கராயனில் கொட்டிலில் இருந்தபோது என் அண்ணா ஞானஸ்நானம் பெறாமலே காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த வருடம் நான் பிறந்த மறுநாளே உபதேசியாரைக் கூப்பிட்டுச் செம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றுவித்தாவாம். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் வீட்டு வாக்குவாதம் திருச்சபைக்குள் ஏறக்குறைய 1800 ஆண்டுகளாக நடந்துவருவது. குழந்தைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், கிறிஸ்துவை அறியும் வயது வரட்டும் என்று கி.பி. 200 அளவிலேயே ஆதித் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் எழுதினார்; அவர் அப்படித் தடுத்து எழுதியதிலிருந்தே, குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் அன்றே இருந்தது என்பதும் தெரிகிறது. பிலிப்பி நகரச் சிறைக்காவலன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றான் என்கிறது அப்போஸ்தலர் பணிகள் 16ஆம் அதிகாரம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்பதை அது சொல்லவில்லை.

கணவரின் கொள்கையை இலேசாக எண்ணாதீர்கள். 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர் கூடி, குழந்தையாகப் பெற்றது ஞானஸ்நானமே அன்று என்று சொல்லி, விசுவாச அறிக்கையோடு அதைப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸை இரண்டு ஆண்டுகளுக்குள் நகரசபை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது.

ஆனாலும், கணவருக்காக நீங்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஞானஸ்நானம் ஒருவர் தானே உணர்ந்து கடவுளுக்குச் சொல்லும் பதில் என்பதுதானே அவருடைய சபையின் போதனை. மனம் ஒப்பாமல், வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காக முழுகினால், அந்தப் போதனையின்படியே அது ஞானஸ்நானம் ஆகாது. திருமுழுக்கு என்ற சொல்லிலேயே முழுக்கு இருக்கிறதே என்று அவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஓடும் நீரையே விரும்பிய திதாக்கே என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல், போதிய நீர் இல்லாதபோது தலையில் மூன்று முறை ஊற்றச் சொல்கிறது. உபதேசியார் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் ஊற்றியிருந்தால், உங்கள் திருச்சபை அந்தச் செம்புத் தண்ணீரை முழுமையான ஞானஸ்நானமாகவே ஏற்கிறது.

பிள்ளையைக் கணவருக்குத் தெரியாமல் கொண்டுபோகாதீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிற கத்தோலிக்கச் சட்டமே, பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. தகப்பனுக்கு ஒளித்துச் செய்த காரியத்தில் அந்த நம்பிக்கையை எங்கே வைப்பது? இருவருமாகப் பங்குத்தந்தையையும் போதகரையும் சந்தியுங்கள், மாதங்கள் எடுத்தாலும் பரவாயில்லை. புனித மோனிக்கா, சிறுவனான மகன் அகுஸ்தீன் வயிற்றுநோயில் சாகக் கிடந்தபோது ஞானஸ்நானத்துக்கு அவசரமாக ஏற்பாடு செய்தார். நோய் மாறியதும் தள்ளிப்போட்டார். 387இல், தமது 32ஆம் வயதில், மிலானில்தான் அகுஸ்தீன் அதைப் பெற்றார். பின்னாளில் குழந்தை ஞானஸ்நானத்துக்காக அவரைப் போல வாதாடியவர் வேறெவரும் இல்லை.

உங்கள் தாயார் உண்மையில் பேசுவது பேரப்பிள்ளையைப் பற்றியன்று, அக்கராயனில் இழந்த மகனைப் பற்றி என்றே நினைக்கிறேன். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் இதை யாராவது அவருக்குச் சொன்னார்களா? பிள்ளையின் காரியத்தைப் பேசுவதற்கு முன் அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போய், உங்கள் அண்ணாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள்; அவருக்கு வைத்திருந்த பெயரை அம்மாவே வாயால் சொல்லட்டும்.