அந்த ‘சாரி’ மன்னிப்பு இல்லை, தம்பி

கனடா வந்து மூன்று மாதம் ஆகிறது, இங்கே எதற்கெடுத்தாலும் ‘சாரி’ சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா தவறிய செய்தியைச் சொன்னபோது மேலதிகாரியும் ‘ஐ ஆம் சாரி’ என்றாராம். அவர் என்ன தப்பு செய்தார், நான் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். முதலில், அப்பாவின் மறைவுக்கு மனமார வருந்துகிறேன்.

உங்கள் மேலதிகாரி சொன்னதும் இதையேதான், தம்பி.

சாரி என்றால் மன்னிப்பு என்று நமக்குப் பள்ளியிலேயே பதிந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘சாரிக்’ என்றால் மனம் நொந்தவர். புண், வலி என்று பொருள்படும் ‘சார்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. தொண்டை வலியை ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அந்த ‘சோர்’ இதன் உடன்பிறப்பு. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’வுக்கு வேர் வேறு; ஒலியும் பொருளும் நெருங்கி வந்ததால் ஒரே குடும்பம் போலத் தெரிகிறது. ஆக, அந்தச் சொல்லின் அடியில் இருப்பது நோவு. தப்பு பிறகு வந்து சேர்ந்தது. நாம் ‘வருந்துகிறேன்’, ‘மன்னியுங்கள்’ என்று பிரித்துச் சொல்வதை ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கிறது.

என் அம்மா இறந்த வாரம், உடன் வேலை செய்த பெண்மணி ஒருவர் கண்கலங்கி அதையே சொன்னார். ‘இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லையே’ என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. துக்கத்தில் பங்கெடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

மற்றவை எளிது. குரலை உயர்த்தி ‘சாரி?’ என்றால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று அர்த்தம். ‘சாரி, பட்’ என்று தொடங்கினால் மறுக்கப் போகிறார். நீங்கள் இடித்தும் அவரே சொன்னால், நீங்களும் சொல்லிவிட்டு நகருங்கள்.

அப்புறம், விபத்து நடந்த இடத்தில் சாரி சொல்லாதே, மாட்டிக்கொள்வாய் என்று பயமுறுத்துவார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சிவில் வழக்கில் அதைக் குற்ற ஒப்புதலாகக் காட்ட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-இலேயே வந்துவிட்டது. குற்ற வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடிபட்டவரைப் பார்த்து மனம் பதறிச் சொல்வதற்குத் தயங்காதீர்கள்.

மேலதிகாரிக்கு ‘தேங்க் யூ’ போதும். அன்று பதில் சொல்லாமல் விட்டிருந்தால், நாளைக்குப் போய்ச் சொன்னாலும் சரிதான்.