லிப்டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல திரைகளைத் திறந்து வைக்கும் டிமக்ஸைப் பைத்தானிலிருந்து இயக்கும் நூலகம்) பற்றிக் கேளுங்கள், இரவு பத்து மணி வரை இருப்பேன்

கே: அண்ணா, சென்ட்_கீஸ் கொடுத்துவிட்டு உடனே பேனில் (டிமக்ஸ் திரையின் ஒரு பிரிவு) உள்ளதைப் படிக்கும் காப்சர்_பேன் எடுத்தால் ஒன்றும் வருவதில்லை. பிழையா?

ப: பிழை இல்லை தம்பி. சென்ட்_கீஸ் கீபோர்டில் தட்டுகிற வேலையை மட்டும்தான் செய்யும், கட்டளை முடிந்ததா தோற்றதா என்று அதற்குத் தெரியாது. கட்டளைக்குப் பின்னால் அரைப்புள்ளி வைத்து 'டிமக்ஸ் வெயிட்-ஃபோர்', கோட்டுக்குறியோடு பெரிய எஸ் (-S), ஒரு பெயர் என்று சேர்த்து அனுப்புங்கள்; கட்டளை முடிந்ததும் அந்தப் பெயரில் ஒரு சிக்னல் வரும். பைத்தான் பக்கம் சர்வர்.சிஎம்டி வழியாக அதே பெயருக்குக் காத்திருங்கள். அரைப்புள்ளிக்குப் பதில் இரட்டை 'அண்ட்' குறி போட்டால், கட்டளை தோற்கும்போது சிக்னலே வராது, ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும்.

கே: ஸ்லீப் 2 போட்டால் சரிவருகிறதே?

ப: உங்கள் லாப்டாப்பில் சரிவரும். சர்வரில் வேலை கூடினால் அந்த 2 செக்கன் போதாது, அரைகுறை வெளியீட்டை முழுசு என்று நம்பிவிடுவீர்கள்.

கே: (அவரே) பேனுக்குள் எஸ்எஸ்எச் போட்டு வேறு மெஷினில் ஓட்டினால் உங்கள் வெயிட்-ஃபோர் என்ன செய்யும்?

ப: நியாயமான கேள்வி, அங்கே அது உதவாது. அந்த மெஷினுக்கு நம் டிமக்ஸ் சர்வர் தெரியாது. அப்போது கடைசியில் ஒரு அடையாளச் சொல்லை எக்கோ பண்ணி, அது திரையில் வரும்வரை காப்சர்_பேனைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஆனால் நீங்கள் தட்டிய வரியிலும் அதே சொல் இருக்குமே, அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் ஏமாறும். சொல்லின் நடுவே ஒரு சோடி மேற்கோள் குறி வையுங்கள்: தட்டிய வரியில் உடைந்து நிற்கும், வெளியீட்டில் சேர்ந்து வரும். ஸ்லீப் அப்போதும் வேண்டாம்.

கே: வெள்ளவத்தையில் கரண்ட் போனால் செஷன் (திறந்து வைத்த பேன்கள் எல்லாம்) போய்விடுமா?

ப: டிமக்ஸ் வேறு இடத்துச் சர்வரில் ஓடினால் உங்கள் வீட்டு ரவுட்டர் அணைந்தாலும் செஷன் இருக்கும். அந்தச் சர்வரே அணைந்தால் எல்லாம் போகும்.

கே: பேன் எண் 1 என்று எழுதலாமா?

ப: வேண்டாம், தயவுசெய்து. முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் நடுவில் ஒரு பேனை மூட, எண்கள் நகர்ந்து, என் ஸ்கிரிப்ட் வேறு டேட்டாபேஸில் போய் எழுதியது. அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. சதவீதக் குறியோடு வரும் பேன் ஐடி, டிமக்ஸ் சர்வர் ஓடும்வரை மாறாது. அதைப் பிடியுங்கள்.

கே: காப்சர் வெறுமையாக வருகிறது...

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: பழைய வரிகள் வருவதில்லையே, நீங்கள் சொன்னபடி செய்தும்?

ப: காப்சர்_பேனின் ஸ்டார்ட்டுக்கு '-' கொடுங்கள். வரலாறு வழக்கமாக 2000 வரிதான், கூட்ட வேண்டுமென்றால் ஹிஸ்டரி-லிமிட்டைப் பேன் திறக்கும் முன்பே மாற்றுங்கள்.

கே: ஃபைண்ட்_வேர் ஓடவில்லை.

ப: அது செஷன், பேன்களைத் தேடும் பழைய முறை, இப்போது கெட் (get). இப்படி மாறுவதால் லிப்டிமக்ஸ் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். அப்புறம், பேனை ஐடியால் பிடியுங்கள்.